முகப்பில் எந்த மொழி? இணைய முகவரியில் தமிழ் இடம்பிடித்த கதை

செட்டிநாட்டில் 'விலாசம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த முகவரி. மற்றொன்று நகரத்தார் தங்கள் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் தலைப்பெழுத்து வரிசை.

பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து கொண்டுவிற்கப் போன காலத்தில் இந்த இரண்டாவது விலாசம் இல்லாமல் தொழில் நடக்காது. பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1929-30ல் கணக்கெடுத்தபோது அந்த ஒரு நாட்டில் மட்டும் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அத்தனை கடைகளில் அண்ணாமலை எத்தனை பேர், லட்சுமணன் எத்தனை பேர்? பெயரை மட்டும் வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது. பாட்டனார், தகப்பனார் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொன்னால்தான் இன்ன கடை, இன்ன குடும்பம் என்று தெரியும். மௌல்மீனில் 1900ல் தொழில் தொடங்கிய ஏ.எம்.முருகப்ப செட்டியாரின் குடும்பத்தை 'ஏ.எம்.எம்.' என்ற மூன்று எழுத்துகளாகவும், காரைக்குடி ஏ.வி.மெய்யப்பனை 'ஏவி.எம்.' என்றும் ஊர் உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது.

இணையத்திலும் இதே போல ஒரு தலைப்பெழுத்து இருக்கிறது. வலைத்தள முகவரியின் நடுவிலோ முன்னாலோ நிற்கும் 'டிஏ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள்தான் அது. அந்த இரண்டு எழுத்து இருந்தால் பக்கம் தமிழில் வரும். 'இஎன்' என்று இருந்தால் ஆங்கிலம், 'எஸ்ஐ' என்று இருந்தால் சிங்களம். பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் இந்த எழுத்து முகவரியில் எங்கே நிற்கிறது, எந்த மொழிக்கு அது தேவைப்படுகிறது, எந்த மொழிக்குத் தேவையே இல்லை என்று கேட்டுப் பார்த்தால் பின்னால் ஒரு பெரிய கதை இருப்பது தெரியும்.

முகவரியைக் கணினி எப்படிப் படிக்கிறது?

காரைக்குடிக்கு அஞ்சல் குறியீட்டு எண் 630001. 1972 ஆகஸ்ட் 15 அன்று இந்த முறை நடைமுறைக்கு வந்தது. முதலில் உள்ள 6 என்ற இலக்கத்தைப் பார்த்ததும் கடிதம் தென்னாட்டுக்கு என்று பிரிக்கிறார்கள். அடுத்த இலக்கங்கள் இன்னும் நெருக்கிப் பகுதியைக் காட்டுகின்றன. கடைசி மூன்று இலக்கம் எந்த அஞ்சலகம் என்று சொல்கிறது. கடிதத்தைப் பிரித்துப் படிக்காமலே, எண்ணை இடமிருந்து வலமாகப் பார்த்தே எங்கே அனுப்புவது என்று முடிவு செய்துவிடலாம்.

வலைத்தள வழங்கியிலும் இப்படி ஒரு பிரிப்பாளர் உண்டு. அதற்கு 'ரவுட்டர்' என்று பெயர். (வீட்டில் இணைய இணைப்புக்கு வைக்கும் பெட்டி இல்லை, தளத்தின் நிரலுக்குள் இருக்கும் ஒரு பகுதி.) தளத்தின் பெயருக்குப் பின் வரும் சாய்கோடுகளுக்கு நடுவே உள்ள துண்டுகளை அது ஒவ்வொன்றாகப் பார்க்கும். முதல் துண்டு 'டிஏ' என்றால் தமிழை எடுத்து வைத்துக்கொள்ளும். மீதி முகவரியைக் கொண்டு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கும். முதல் துண்டில் மொழிக் குறியீடு ஏதும் இல்லையென்றால்? அங்கேதான் 'இயல்பு மொழி' வருகிறது. ஒன்றும் சொல்லாதவருக்கு எந்த மொழியில் பதில் சொல்வது என்று தளத்தைக் கட்டியவர் முன்கூட்டியே எழுதி வைத்த விதி அது.

மொழியைச் சொல்ல ஐந்து வழிகள்

முகவரி மூலம் மொழியைச் சொல்வது ஒரே வழி அல்ல. மொத்தம் ஐந்து வழிகள் புழக்கத்தில் உள்ளன.

1. உலாவியே சொல்வது. 1997 ஜனவரியில் வெளியான எச்டிடிபி 1.1 விதிமுறையில், 'எனக்கு இந்த மொழி வேண்டும்' என்று உலாவி வழங்கியிடம் சொல்ல ஒரு வரி உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டுப் பிரவுசிங் சென்டர்களில் இருந்த கணினிகள் எல்லாம் ஆங்கில விண்டோஸ். எதிரே உட்கார்ந்திருப்பவர் ஆங்கிலம் அறியாதவராக இருந்தாலும், உலாவி அவர் சார்பில் 'எனக்கு அமெரிக்க ஆங்கிலம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

2. குக்கி. தமிழ் என்ற பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அந்தத் தெரிவு அந்தக் கணினியில் சேமிக்கப்படும். முகவரி மாறாது. அந்த முகவரியை நண்பருக்கு அனுப்பினால் அவருக்கு ஆங்கிலம் வரும்.

3. கேள்விக்குறிக்குப் பின். முகவரியின் வாலில் கேள்விக்குறி போட்டு 'லேங் = டிஏ' என்று ஒட்டுவது. இலங்கை அரசுத் தளங்கள் பலவற்றில் இந்த முறையைக் காணலாம்.

4. சாய்கோட்டுக்குப் பின். தளத்தின் பெயருக்கு அடுத்த துண்டாக 'டிஏ' நிற்பது. பிபிசி தமிழ் போன்ற தளங்கள் குறியீட்டுக்குப் பதில் 'தமிழ்' என்ற முழுச் சொல்லையே ஆங்கில எழுத்தில் அந்த இடத்தில் வைத்திருக்கின்றன.

5. தளப் பெயருக்கும் முன்னால். தமிழ் விக்கிப்பீடியா இந்த வகை. அங்கே 'டிஏ' என்பது முகவரியின் முதல் சொல்.

முதல் இரண்டு வழிகளில் மொழி கண்ணுக்குத் தெரியாது. அது படிப்பவருடைய கணினியோடு முடிந்துவிடும். பின்னால் உள்ள மூன்றிலும் மொழி முகவரியிலேயே எழுதியிருக்கும். முதியோர் ஓய்வூதிய விண்ணப்பம் பற்றிய தமிழ்ப் பக்கத்தை ஒரு பேரன் தன் பாட்டிக்காகக் கண்டுபிடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே ஊரில் உள்ளவர்களுக்கு அனுப்ப முடியுமா, அனுப்பினால் அவர்களுக்கும் தமிழிலேயே திறக்குமா என்பது இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. தேடுபொறிக்கும் இதே கதைதான். கூகுளின் தேடுநிரல் பொதுவாக மொழி விருப்பத்தைச் சொல்வதில்லை, குக்கியையும் வைத்துக்கொள்வதில்லை. தனி முகவரி இல்லாத தமிழ்ப் பக்கம் அதன் கண்ணில் படுவது கடினம்.

'டிஏ' எங்கிருந்து வந்தது?

மொழிகளுக்கு இரண்டெழுத்துக் குறியீடு தரும் ஐஎஸ்ஓ 639 என்ற தரம் 1988ல் வெளியானது. தமிழுக்கு அதில் கிடைத்ததுதான் 'டிஏ'. மூன்றெழுத்துக் குறியீட்டுப் பட்டியல் 1998ல் வந்தபோது 'டிஏஎம்' என்பதும் சேர்ந்தது. இணையத்தில் இந்தக் குறியீடுகளை எப்படிப் பயன்படுத்துவது என்று 1995 மார்ச்சில் ஆர்எஃப்சி 1766 என்ற ஆவணம் வகுத்தது. மொழிக் குறியீட்டோடு நாட்டுக் குறியீட்டையும் ஒரு சிறு கோட்டால் சேர்த்து இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ் என்று பிரித்துச் சொல்லவும் அதில் வழி இருந்தது.

மொழிக் குறியீடு வேறு, நாட்டுக் குறியீடு வேறு. இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கையான எடுத்துக்காட்டு உண்டு. 'எம்ஒய்' என்ற இரண்டெழுத்து நாட்டுப் பட்டியலில் மலேசியாவைக் குறிக்கும். மொழிப் பட்டியலில் அதே 'எம்ஒய்' பர்மிய மொழியைக் குறிக்கும்! பினாங்குக்கும் ரங்கூனுக்கும் கப்பலேறியவர்களின் இரண்டு நாடுகளும் ஒரே தலைப்பெழுத்தில் வந்து மோதிக்கொள்கின்றன. அது முகவரியின் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் பொருள் சொல்ல வேண்டும்.

எழுத்துருவே மொழியாக இருந்த காலம்

தமிழ் இணையத்தில் ஏறிய காலத்தில் இந்தக் குறியீடெல்லாம் யாருக்கும் பெரிதாகப் படவில்லை. அப்போதைய கவலை வேறு. எழுத்து திரையில் தெரிந்தாலே போதும் என்ற நிலை.

1995 அக்டோபர் 27 அன்று சிங்கப்பூரில் கவிதைத் தொகுப்புத் தளம் ஒன்றை அந்நாட்டு அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என நான்கு மொழிகளிலும் கவிதைகள் அதில் இருந்தன. தமிழ் உலகளாவிய வலையில் ஏறிய முதல் நிகழ்வாக அது சொல்லப்படுகிறது. எழுத்தாளர் நா. கோவிந்தசாமியும், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ தலைமையில் இயங்கிய இணைய ஆய்வுப் பிரிவும் அதன் பின்னால் இருந்தார்கள். ஒரே தளத்தில் நான்கு மொழிகளுக்கும் இடம் என்பது அன்றே நடந்துவிட்டது.

ஆனால் அந்தக் காலத் தமிழ்ப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்துரு தேவைப்பட்டது. 'இந்தப் பக்கத்தைப் படிக்க முதலில் எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்' என்ற வரி இல்லாத தமிழ்த் தளமே கிடையாது. தளத்துக்குத் தளம் எழுத்துக் குறியாக்கம் மாறியது. 1997ல் சிங்கப்பூரிலும் 1999ல் சென்னையிலும் மாநாடுகள் கூடி இதற்குத் தீர்வு தேடின. மடலாடற்குழுக்களில் டிஸ்கி என்ற குறியாக்கம் வளர்ந்தது. சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியாக்கங்களை அறிவித்தது. யூனிகோடில் தமிழ் 1991லேயே இடம்பெற்றிருந்தாலும், விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் சாதாரணக் கணினியில் அது தெரிய ஆரம்பித்தது.

இதன் தடயம் முகவரியிலும் பதிந்திருக்கிறது. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கும் அந்தத் திட்டத்தில் ஒரே நூலுக்கு டிஸ்கி கோப்பு தனி, யூனிகோடு கோப்பு தனி. யூனிகோடு நூல்களின் முகவரியில் 'யூடிஎஃப்8' என்றே ஒரு துண்டு உண்டு. மற்ற மொழிக்காரர்கள் ஆங்கிலமா பிரெஞ்சா என்று முகவரியில் பிரித்துக்கொண்டிருந்தபோது, தமிழர்கள் எந்தத் தமிழ் என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். குறியாக்கம் ஒன்றானால்தான் 'டிஏ' என்ற ஒற்றை அடையாளத்துக்குப் பொருள் வரும் என்ற நிலை.

முன்னால் வந்த 'டிஏ'

விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15 அன்று ஆங்கிலத்தில் தொடங்கியது. அதே ஆண்டு மார்ச்சிலிருந்து ஜெர்மன் முதலான பிற மொழிகள் சேர்ந்தன. மொழிக் குறியீட்டை முகவரியின் முதலில் வைக்கும் வழக்கம் அங்கே நிலைபெற்றது. தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன் அந்த நவம்பரிலிருந்து தொடர்ந்து கட்டுரைகள் எழுதி அதற்கு உயிர் கொடுத்தார்.

இந்த அமைப்பில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இங்கே பிரிவு மொழியால், நாட்டால் அல்ல. இந்தியத் தமிழருக்கு ஒரு விக்கிப்பீடியா, இலங்கைத் தமிழருக்கு ஒன்று, மலேசியத் தமிழருக்கு ஒன்று என்று இல்லை. எல்லோரும் ஒரே 'டிஏ'வுக்குள் எழுதுகிறார்கள். இன்னொன்று, ஆங்கிலத்துக்கும் அங்கே 'இஎன்' என்ற அடையாளம் உண்டு. தலைப்பெழுத்து இல்லாமல் நிற்கும் சலுகை எந்த மொழிக்கும் கிடையாது.

பின்னர் தளம் கட்டும் கருவிகளே இந்த வசதியைத் தர ஆரம்பித்தன. 2008ல் வந்த ட்ரூபல் 6, முகவரியின் முதல் துண்டில் மொழியை வைக்கும் தெரிவைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. 2012ல் வந்த ஜாங்கோ 1.4லும் அதற்கென்று தனிச் செயற்கூறு சேர்க்கப்பட்டது. அதுவரை ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிய விதி, நாலு வரியில் முடியும் வேலையாகிவிட்டது.

90 எழுத்துக் காரைக்குடி

மொழிக் குறியீடு வந்துவிட்டது. முகவரியின் மீதிப் பகுதி தமிழில் இருக்க முடியுமா? முடியும், ஆனால் விலை கொடுக்க வேண்டும்.

முகவரிக்குள் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டுமே நேராகப் போக முடியும். மற்ற எழுத்துகள் சதவீதக் குறி போட்ட குறியீடுகளாக மாறித்தான் போகும். 'காரைக்குடி' என்ற சொல்லில் யூனிகோடு கணக்குப்படி 10 குறிகள் உண்டு (க, துணைக்கால், ர, ஐகாரக் கொம்பு என்று தனித்தனியாக எண்ண வேண்டும்). ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ஒவ்வொரு பைட்டுக்கும் சதவீதக் குறியோடு சேர்த்து 3 எழுத்து. ஆக 10 × 3 × 3 = 90. தமிழ் விக்கிப்பீடியாவின் காரைக்குடிப் பக்க முகவரியை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டினால் பல சமயம் அந்த 90 எழுத்து வால்தான் வந்து விழும். ஆங்கிலத்தில் அதே ஊர்ப் பெயர் 9 எழுத்து.

தமிழில் வலைப்பதிவு எழுதியவர்கள் எல்லோரும் இதை வேறு வடிவத்தில் அனுபவித்திருப்பார்கள். பிளாகரில் தமிழ்த் தலைப்பு வைத்தால் அது முகவரிக்குப் போகவே போகாது. 'பிளாக் போஸ்ட்' என்ற பொதுப் பெயரும் ஒரு எண்ணும்தான் நிற்கும். ஆயிரக்கணக்கான தமிழ்ப் பதிவுகள் இப்படிப் பெயரில்லாமல் வெறும் எண்ணோடு கிடக்கின்றன. வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதன் தரவுத்தளத்தில் முகவரித் துண்டுக்கு ஒதுக்கிய இடம் 200 எழுத்து. ஒரு தமிழ்க் குறிக்கு 9 என்றால் 22 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். கொஞ்சம் நீளமான தலைப்பு பாதியில் அறுந்து நிற்பதற்கு இதுதான் காரணம்.

பரிட்சையில் தேறிய தமிழ்

சாய்கோட்டுக்குப் பின்னால் தமிழ் இப்படித் திணறிக்கொண்டிருந்தபோது, முன்னால் உள்ள தளப் பெயரையே தமிழில் வைக்கும் முயற்சியும் நடந்தது. பன்மொழித் தளப் பெயர் ஆய்வும் 1998 வாக்கில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில், அதே டான் டின் வீயின் குழுவில் வேகம் பிடித்தது. 2003ல் உலகத் தரம் வெளியானது. அதன்படி தமிழில் தட்டிய பெயரை உலாவியே 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றி அனுப்பும். படிப்பவருக்குத் தமிழ், கம்பிக்குள் ஆங்கிலம்.

2007 அக்டோபரில் ஐகான் அமைப்பு 11 சோதனைப் பெயர்களை இணையத்தின் வேரில் சேர்த்தது. அவற்றில் தமிழும் ஒன்று. 'உதாரணம்.பரிட்சை' என்பது அந்த முகவரி. 2010ல் இலங்கைக்கு '.இலங்கை' கிடைத்தது. 2011ல் '.சிங்கப்பூர்', '.இந்தியா' இரண்டும் வந்தன. சோதனைப் பெயர்கள் 2013ல் நீக்கப்பட்டன. மூன்று நாடுகளின் பெயர்கள் தமிழ் எழுத்தில் இணையத்தின் வேர் வரை போய்விட்டன. இது சின்ன சாதனை அல்ல. ஆனால் அன்றாடம் தட்டும் முகவரிகளில் அவை எவ்வளவு புழங்குகின்றன என்று பார்த்தால், நடைமுறையில் தமிழைச் சுமப்பது இன்றும் அந்த இரண்டெழுத்து 'டிஏ' தான்.

முகப்பும் இரண்டாம் கட்டும்

செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தெருவைப் பார்த்து முகப்பு, அதைத் தாண்டி வளவு, அதன் பின் இரண்டாம் கட்டு. வருகிறவர் முதலில் நிற்பது முகப்பில். வலைத்தளத்தின் முதல் பக்கத்துக்கும் தமிழில் 'முகப்பு' என்றே பெயர் வைத்திருக்கிறோம்.

தேசியத் தகவலியல் மையம் நாடெங்கும் மாவட்டத் தளங்களுக்கு 'எஸ்3வாஸ்' என்ற பொது அமைப்பைத் தந்தது. சிவகங்கை மாவட்டத் தளமும் அதில் கட்டியதுதான். மாவட்டத்தின் பெயரை மட்டும் தட்டினால் ஆங்கிலம். தமிழ் வேண்டுமானால் பின்னால் சாய்கோடு போட்டு 'டிஏ' வர வேண்டும். அதே அமைப்பில் கட்டிய மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் மாவட்டத் தளத்தில் நிலைமை தலைகீழ். அங்கே வெறும் முகவரியில் இந்தி. 'இஎன்' என்ற அடையாளத்தோடு இரண்டாம் கட்டுக்குப் போக வேண்டியது ஆங்கிலம்.

ஆக, இது தொழில்நுட்பத்தின் குறை அல்ல. கருவி ஒன்றுதான். இயல்பு மொழி எது என்ற ஒரு தெரிவு மட்டும் வேறு. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956ல் நிறைவேறியது. காகிதத்தில் தமிழ் ஆட்சிமொழி ஆகி அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆன பிறகு கட்டிய தளத்தில், முகப்பில் ஆங்கிலம் உட்கார்ந்திருக்கிறது. ஆட்சிமொழிக்குத் தலைப்பெழுத்து போட வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்துக்கு வேண்டியதில்லை. வெளிமாநிலத்தாரும் வெளிநாட்டாரும் வருவார்கள் என்பது நியாயமான வாதம்தான். ஆனால் அது இந்தூருக்கும் பொருந்தும் அல்லவா? தாலுகா அலுவலகத் தொலைபேசி எண்ணைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலானோர் யார் என்று யோசித்தால் விடை தானே கிடைக்கும்.

முகவரியில் குறியீடு இருந்துவிட்டால் மட்டும் மொழி வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 2014ல் செட்டிநாட்டுக் கிராமத் தொகுப்புகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. உலகப் பாரம்பரிய மையத்தின் தளத்தில் முகவரியின் முதல் துண்டு மொழிக் குறியீடு. 'இஎன்' இருக்கும் இடத்தில் 'எஃப்ஆர்' என்று மாற்றினால் தளம் பிரெஞ்சுக்கு மாறும். ஆனால் உத்தேசப் பட்டியலில் உள்ள இடங்களின் விவரணை, அந்தந்த நாட்டு அரசு எந்த மொழியில் கொடுத்ததோ அந்த மொழியிலேயே வெளியாகிறது. செட்டிநாட்டைப் பற்றி இந்திய அரசு கொடுத்தது ஆங்கிலத்தில். ஆகவே தலைப்புகளும் பொத்தான்களும் பிரெஞ்சு, நடுவில் உள்ள சரக்கு ஆங்கிலம். ஆயிரம் ஜன்னல் வீடுகளைக் கட்டியவர்களின் மொழியில் அந்தப் பக்கத்துக்கு முகவரி இல்லை.

இரட்டைப் பதிவு

2011 டிசம்பரில் கூகுள் ஒரு குறிமுறையை அறிவித்தது. ஒரே பக்கத்தின் வெவ்வேறு மொழி வடிவங்கள் எந்தெந்த முகவரியில் உள்ளன என்று பக்கத்துக்குள்ளேயே எழுதி வைக்கலாம். தமிழில் தேடுபவருக்குத் தமிழ் முகவரியும் ஆங்கிலத்தில் தேடுபவருக்கு ஆங்கில முகவரியும் கிடைக்க இது உதவும். 2013ல் இதோடு, எந்த மொழியும் பொருந்தாதவருக்கு எந்த முகவரி என்று சொல்லும் குறியும் சேர்ந்தது.

இந்த முறையில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஆங்கிலப் பக்கம் 'என் தமிழ் இணை இன்ன முகவரியில்' என்று சொன்னால், தமிழ்ப் பக்கமும் 'என் ஆங்கில இணை இன்ன முகவரியில்' என்று திரும்பச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சொன்னால் அந்தக் குறிப்பு செல்லாது. கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு, அதாவது இரட்டைப் பதிவு முறை.

இந்தக் கணக்கை நம் தளங்களில் போட்டுப் பார்த்தால் ஏடு நேராகாத இடங்கள் நிறைய. ஆங்கிலத்தில் அறிவிப்பு உண்டு, தமிழில் அந்தப் பக்கம் இல்லை. தமிழில் பக்கம் உண்டு, உள்ளே இருக்கும் கோப்பு ஆங்கிலம். 'தமிழ்' என்ற பொத்தானை அழுத்தினால், படித்துக்கொண்டிருந்த பக்கத்தின் தமிழ் வடிவத்துக்குப் போகாமல் முகப்புக்கே திருப்பி அனுப்பும் தளங்களும் உண்டு. மொழிபெயர்க்க ஆள் வேண்டும், செலவு ஆகும் என்பது உண்மைதான். ஆனால் முகவரி அமைப்பதற்குச் செலவில்லை. தமிழ்ப் பக்கத்துக்கென்று நிலையான ஒரு முகவரி, அதிலிருந்து அதே பக்கத்தின் ஆங்கில வடிவத்துக்கு ஒரு சுட்டி, முகப்பில் எந்த மொழி என்று யோசித்து எடுத்த ஒரு முடிவு. இந்த மூன்றும் இருந்தால் உள்ளே இருக்க வேண்டியதை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு போகலாம்.

1995ல் எழுத்து தெரிந்தாலே போதும் என்று தொடங்கிய பயணம் இது. குறியாக்கச் சண்டை தீர்ந்தது, விக்கிப்பீடியா வந்தது, நாட்டின் பெயரே தமிழில் முகவரி ஆனது. கடினமான வேலைகள் எல்லாம் முடிந்துவிட்டன. மிச்சம் இருப்பது, மாவட்டத்தின் பெயரை மட்டும் தட்டிவிட்டு வேறொன்றும் சொல்லாமல் நிற்கிறவருக்கு எந்த மொழியில் பதில் சொல்வது என்ற ஒரே ஒரு வரி. அந்த வரியை மாற்றுவதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.